லோடு ஏற்றியவருக்கும் பொறுப்பு உண்டு

மதிப்பிற்குரிய திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் நீங்கள் என்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில், மாதனூர் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி வழியாக லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றில் ஒன்று மோதி யாராவது இறந்தால், குற்றவாளியாக வழக்கில் ஏறும் பெயர் பெரும்பாலும் ஓட்டுநருடையதுதான். அந்த லாரியில் சரக்கு ஏற்றியவர் யார், எத்தனை மணிக்கு ஏற்றினார், எத்தனை டன் ஏற்றினார், எப்போது போய்ச் சேர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார் என்ற கேள்விகளை யாரும் கேட்பதில்லை. அவற்றைக் கேட்கும் வழக்கம் உங்கள் குழுவிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. தோல் தொழிலால் வாழும் இந்தப் பகுதி அதற்குப் பொருத்தமான இடம் என்றும் நம்புகிறேன்.

2023 செப்டம்பர் 11 அதிகாலையில் நாட்றம்பள்ளி அருகே சண்டியூரில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். தர்மஸ்தலம் சென்று திரும்பிக்கொண்டிருந்தவர்களின் வேன் பஞ்சராகி நெடுஞ்சாலையில் நின்றது. இறங்கி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த மினி லாரி வேன் மீது மோத, வேன் அவர்கள் மேல் பாய்ந்தது. ஆம்பூர் பக்கத்து ஓணாங்குட்டையைச் சேர்ந்த ஏழு பெண்கள் இறந்தார்கள். சரியாக இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 11 அதிகாலையில், வாணியம்பாடி செட்டியப்பனூரில் அரசு விரைவுப் பேருந்தும் தனியார் ஆம்னி பேருந்தும் மோதிக்கொண்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். இந்த விபத்துகளில் யார் தூங்கினார், யார் அலட்சியமாக ஓட்டினார் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. நான் பார்க்கச் சொல்வது நேரத்தை. இரண்டும் மனித உடல் தூக்கத்துக்கு மிகவும் ஏங்கும் நேரத்தில் நடந்தவை. அந்த நேரத்தில் இந்தச் சாலையில் எத்தனை பேர் எத்தனை மணி நேரமாக ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறார்கள் என்பதற்கு நம்மிடம் எந்தக் கணக்கும் இல்லை.

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் முதலிடம் 64,105 விபத்துகளுடன் தமிழ்நாட்டுக்கு. இங்கே இறந்தவர்கள் 17,884 பேர். மொத்தச் சாலை நீளத்தில் ஏறக்குறைய இரண்டு விழுக்காடுதான் தேசிய நெடுஞ்சாலைகள்; ஆனால் நாட்டின் சாலை மரணங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அவற்றில் நிகழ்கின்றன. மோதும் விதத்தைப் பிரித்துப் பார்த்தால், ஐந்தில் ஒரு விபத்துக்கு மேல் பின்னாலிருந்து மோதியது. ஓரங்கட்டி நிற்கும் லாரியில் கார் புகுவதும், முன்னால் மெதுவாகப் போகும் டிரெய்லர் மீது டாரஸ் லாரி ஏறுவதும் இந்தக் கணக்கில் அடங்கும். தொப்பூர் கணவாயில் லாரிகள் கவிழ்வதற்கு இறக்கத்தையும் சூடேறிய பிரேக்கையும் காரணம் காட்டலாம். 2024 ஜனவரியில் அங்கே லாரி மோதி நால்வர் இறந்தபோது அந்த மலைப்பாதையின் அமைப்பு பேசப்பட்டது, சரிதான். பாலாற்றின் ஓரமாகப் போகும் நம் சாலையோ பெரும்பாலும் சமதளம், அகலமானது, நேரானது. இங்கே மலை மீது பழிபோட முடியாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் நகர்கிறது. ஓட்டுநரின் கண் மூன்று நொடி செருகினால் 50 மீட்டர் தூரம் அந்த வண்டி யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாமல் போகிறது. நேரான சாலை அந்த மூன்று நொடியை வரவழைக்கும். ஆம்பூரும் வாணியம்பாடியும் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏறக்குறைய நடுவில் இருப்பதால், முன்னிரவில் இரண்டு பக்கமும் கிளம்பும் வண்டிகள் பின்னிரவில் நம் மாவட்டத்தைக் கடக்கின்றன. பகல் முழுவதும் லோடு ஏற்றக் காத்திருந்த ஓட்டுநருக்கு அது பயணத்தின் நடுப்பகுதி. விழித்திருக்கும் நேரத்திலோ அது கடைசிப் பகுதி.

ஓட்டுநர் ஏன் நிறுத்தித் தூங்கவில்லை என்று கேட்பவர்கள் அவருடைய கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான லாரிகளில் சம்பளமும் பேட்டாவும் நடைக் கணக்கு. வண்டி நின்றால் கூலி நிற்கும். லாரி ஓட்டுநர்கள் பற்றி சேவ்லைஃப் அறக்கட்டளை 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 12 மணி நேரம் ஓட்டுகிறார்கள். களைத்தோ தூக்கக் கலக்கத்திலோ ஓட்டுவதை ஏறக்குறையப் பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். சட்டம் சொல்வது வேறு. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவும் அதையே வழிமொழிகிறது. ஆனால் 1961 சட்டம் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கே தானாகப் பொருந்தியது. சிறியவற்றுக்கும் விரிவுபடுத்தும் அதிகாரம் மாநில அரசின் கையில் இருந்தது. அந்தச் சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் 2020இல் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வரம்பைப் பத்துத் தொழிலாளர் என்று உயர்த்திவிட்டது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்துப் பிழைப்பவர்களே நிறைந்த தொழிலில் இதன் பொருள் என்ன என்பது உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதைவிட என்னை உறுத்துவது 2018. அந்த ஆண்டு ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அனுமதிக்கப்பட்ட எடையைக் கூட்டியது. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில், தேசிய பெர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற விதி கைவிடப்பட்டது. சில மாத இடைவெளியில் பாரம் கூடியது, அதைச் சுமந்து ஓட்ட வேண்டிய கைகளோ பாதியாகலாம் என்றானது. ஏட்டில் இருந்த இரண்டாவது ஓட்டுநர் நடைமுறையில் பல வண்டிகளில் இல்லை என்பது உண்மைதான். மீறப்படும் விதியை நிறைவேற்ற முயல்வதற்குப் பதிலாக அதையே எடுத்துவிட்டோம்.

இனி அனுப்புபவர் பக்கம் வருகிறேன். பதனிடும் ஆலைக்குப் பச்சைத் தோல் வெளி மாநிலங்களிலிருந்து லாரியில் வருகிறது. உப்பும் சுண்ணாம்பும் கந்தக அமிலமும் சோடியம் சல்பைடும் குரோம் உப்பும் லாரியில் வருகின்றன. முடிந்த தோலும் ஷூ பெட்டிகளும் லாரியிலும் கன்டெய்னரிலும் சென்னைத் துறைமுகத்துக்கோ பெங்களூருக்கோ போகின்றன. கப்பலுக்குக் கன்டெய்னர் சேர வேண்டிய கடைசி நேரம் ஒன்று உண்டு. வெளிநாட்டு வாங்குபவர் கொடுத்த தேதிக்குள் முடிக்க ஆலையில் வேலை கடைசி நிமிடம் வரை இழுக்கும். இழுபட்ட மணி நேரம் முழுவதையும் சாலையில் ஈடுகட்டுவது ஓட்டுநரின் தலையில் விழும். அவசரத்தை உண்டாக்குபவர் ஒருவர், அதை உயிரைப் பணயம் வைத்துத் தீர்ப்பவர் இன்னொருவர். சரக்கு மற்றும் சேவை வரி விதிகள் இந்த அவசரத்தைக் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021 ஜனவரி முதல் சாதாரணச் சரக்குக்கான இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லுபடியாகிறது. ஆம்பூரிலிருந்து சென்னை அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கிறது.

அனுப்புபவரைப் பொறுப்பாக்குவது சட்டத்துக்குப் புதிதும் அல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 131ஆம் விதி, அபாயகரமான பொருளை அனுப்புபவரின் கடமைகளைத் தனியாக வகுக்கிறது. 132 வாகன உரிமையாளருக்கு, 133 ஓட்டுநருக்கு. அமிலக் கேன் கசிந்தால் அனுப்பியவரையும் கேட்கலாம் என்றால், அந்தக் கேனைச் சுமந்துவரும் லாரியின் ஓட்டுநர் இருபது மணி நேரம் தூங்காதவர் என்று தெரிந்தே அனுப்பியவரை ஏன் கேட்கக் கூடாது? அமிலமும் சல்பைடும் ஒன்றாகக் கலந்தால் உயிர்கொல்லியான ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளியாகும் என்பது தோல் ஆலைகளில் எல்லோருக்கும் தெரியும். அவற்றை ஏற்றிய வண்டி ஊர் நடுவில் கவிழ்வதை நினைத்தால் ஓட்டுநரின் தூக்கம் அவருடைய சொந்த விஷயமாக இருக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக பாரத்துக்கான 194ஆம் பிரிவும் ஓட்டுபவரை மட்டும் சொல்லவில்லை. ஓட்டச் செய்பவரையும் அனுமதிப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் நடப்பிலுள்ள கனரக வாகனச் சட்டம் இன்னும் தெளிவானது. சரக்கு அனுப்புபவர், ஏற்றுபவர், நேர அட்டவணை போடுபவர் என ஒவ்வொருவருக்கும் சங்கிலியாகப் பொறுப்பு உண்டு. ஓட்டுநர் ஓய்வு நேரத்தை மீறினால்தான் எட்ட முடியும் என்கிற அட்டவணை போடுவதே அங்கே குற்றமாகலாம்.

இந்தக் கொள்கையின் வேர் நம் மண்ணிலேயே இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த தோல் ஆலைகள் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது. லாபம் ஆலை வாசலுக்குள், சேதம் ஆலை வாசலுக்கு வெளியே என்ற ஏற்பாட்டை நீதிமன்றம் ஏற்கவில்லை. சாலையில் நிகழும் மரணமும் வாசலுக்கு வெளியே விழும் சேதம்தான்.

தொழில் தாங்காது என்பார்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது இந்தப் பகுதியின் ஷூ தொழிற்சாலைகளும் அவற்றை நம்பியிருக்கும் பெண் தொழிலாளர்களும் பட்ட கவலை சிறியதல்ல. ஆனால் நான் கேட்பது புதிய இயந்திரமோ சுத்திகரிப்பு நிலையமோ அல்ல. ஒரு கன்டெய்னரைச் சில மணி நேரம் முன்னதாக ஏற்றி முடிப்பதும், ஓட்டுநர் தூங்கி எழுந்து கிளம்ப ஆலை வளாகத்தில் ஓர் அறை ஒதுக்குவதும்தான். 1996லும் தொழில் அழியும் என்றார்கள். சில ஆலைகள் மூடப்பட்டன என்பது உண்மை. ஆனாலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களோடு தொழில் இங்கே தொடர்கிறது. தண்டனையைக் கடுமையாக்கினால் போதும் என்பது இன்னொரு வாதம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, விபத்து ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்றது. 2024 ஜனவரியில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் பிரிவு நடைமுறைக்கு வராமல் நின்றது. அது வந்தாலும், கண் செருகும் அந்த மூன்று நொடியில் எந்த மனிதனும் சட்டப்பிரிவை நினைத்து விழித்துக்கொள்வதில்லை. பெங்களூரு – சென்னை விரைவுச்சாலை வந்தால் பாரம் குறையும் என்பவர்களுக்கு ஒன்று: 262 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலை சித்தூர் பக்கமாக வாலாஜாபேட்டையை அடைகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆலைகளின் சரக்கு பழைய சாலையில்தான் ஓடும்.

ஓட்டுநர் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பதை எப்படி அளப்பது என்ற கேள்விதான் நியாயமானது. ஐரோப்பாவில் லாரியிலேயே அதைப் பதியும் கருவி உண்டு. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு என்ற விதியை அதை வைத்தே சரிபார்க்கிறார்கள். நம்மிடம் அது இல்லை. ஆனால் 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயம். பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிகளை ஒரு லாரி எத்தனை மணிக்குத் தாண்டியது என்பது நிமிடத் துல்லியமாகப் பதிவாகிறது. இ-வே பில்லில் வண்டி எண் இருக்கிறது. சென்னை ஐஐடி உருவாக்கிய விபத்துப் பதிவுச் செயலியில் காவல்துறை ஒவ்வொரு விபத்தையும் ஏற்றுகிறது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், ஓட்டுநர் வேலை நேர விதிகளை நடைமுறைப்படுத்த வழி காணுமாறு உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் வலியுறுத்தியிருக்கிறது. தகவல்கள் தனித்தனி மேசைகளில் கிடக்கின்றன. அவற்றை ஒரே மேசைக்கு வரவழைக்கும் அதிகாரம் ஒரு மாவட்டத்தில் ஆட்சியருக்குத்தான் உண்டு.

எனவே அடுத்த சாலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்துக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த ஓராண்டில் நம் மாவட்ட நெடுஞ்சாலையில் சரக்கு வாகனங்கள் தொடர்பான மரண விபத்துகள் ஒவ்வொன்றிலும், வண்டியின் கடைசி 24 மணி நேர ஃபாஸ்டேக் பதிவையும், இ-வே பில்லையும், லோடு ஏற்றிய ரசீதையும், எடைமேடைச் சீட்டையும் காவல்துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், வணிகவரித் துறை மூன்றிடமும் கேட்டு வாங்குங்கள். குழுவில் தோல் ஆலை உரிமையாளர் சங்கத்தினருக்கும் லாரி புக்கிங் ஆபீஸ்காரர்களுக்கும் ஓட்டுநர் சங்கத்துக்கும் இருக்கை போடுங்கள். இனி ஆலையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு லோடு ரசீதிலும் ஓட்டுநர் பெயர், அவர் கடைசியாக ஓய்வெடுத்த நேரம், மாற்று ஓட்டுநர் உண்டா, எப்போதைக்குள் சேர வேண்டும் என்ற நான்கு விவரங்கள் எழுதி அனுப்புபவர் கையெழுத்திட வேண்டும் என்று அவர்களிடம் ஒப்புதல் பெறுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தும் வரை அது ஒப்புதலாகவே இருக்கட்டும். நெடுஞ்சாலை ஆணையத்திடம் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையே விளக்கும் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள லாரி நிறுத்துமிடம் கேளுங்கள். அதன் பராமரிப்பில் ஆலைகளும் பங்கேற்கட்டும். அப்போதுதான் சாலையோரம் இருட்டில் நிற்கும் லாரியை விரட்டும் காவலருக்கு, எங்கே போய் நிறுத்து என்று சொல்லவும் ஓரிடம் இருக்கும்.

இப்படிக்கு,
ஆம்பூரிலிருந்து ஒரு குடிமகன்