வியர்வைக்கு என்ன அவசரம்?

"60 நாளில் உடம்பை மாற்றிக் காட்டுகிறோம், ஜிம்முக்குப் போக வேண்டாம், வீட்டுக் கூடமே போதும்!" இந்த மாதிரி விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. 2000-களின் நடுவில் அமெரிக்காவில் டோனி ஹார்ட்டனின் 'பி90எக்ஸ்' வந்தது. 90 நாள் திட்டம். 2009-ல் ஷான் டி-யின் 'இன்சானிட்டி' வந்தது. 60 நாள். பெயருக்கே பைத்தியக்காரத்தனம் என்றுதான் அர்த்தம்! டிவிடி காலம் போய்விட்டது. அதே சரக்கு இப்போது செல்போனில் வேறு வேறு பெயர்களில் ஓடுகிறது.

இந்தத் திட்டங்கள் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. யாருக்காகச் செய்தது, யார் செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பி90எக்ஸில் முதலிலேயே ஒரு தகுதித் தேர்வு உண்டு. ஆண் என்றால் குறைந்தது 15 தண்டால், கம்பியில் தொங்கி 3 புல்-அப். முடியாதவர்கள் எளிய திட்டத்தில் தொடங்கட்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனால் அதை யார் பார்க்கிறார்கள்? நேராக முதல் நாள் வீடியோதான்.

'டபாட்டா' கதையும் இதுதான். 20 நொடி முழு வேகம், 10 நொடி ஓய்வு, 4 நிமிடத்தில் முடிந்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1996-ல் ஜப்பானில் இசுமி டபாட்டா வெளியிட்ட அந்த ஆய்வில் பயிற்சி செய்தவர்கள் உடற்கல்வி படித்த இளைஞர்கள். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் நம்மைப் போன்றவர்கள் இல்லை.

"முதல் நாளே உடம்பை உலுக்கினால்தான் வேகம் பிறக்கும்" என்பார்கள் சிலர். பழக்கமில்லாத தசைக்கு வேலை கொடுத்தால், அதிலும் குதித்து இறங்குவது, மெல்லத் தாழ்வது போன்ற வேலை கொடுத்தால், ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை வலி பின்னி எடுக்கும். உட்கார்ந்தால் எழ முடியாதவர் மறுநாள் எப்படிக் குதிப்பார்? மூன்றாம் நாள் திட்டம் பரணில். அவரோ 'எனக்கு மனவுறுதி இல்லை' என்று தன்னையே திட்டிக்கொள்வார். கெட்டது மனவுறுதி இல்லை, கணக்கு.

வலியோடு போனாலும் பரவாயில்லை. அளவு மீறினால் தசை சிதைந்து, அதிலிருக்கும் புரதம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தையே பாதிக்கலாம். இதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். 2011 ஜனவரியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள் 13 பேர் இதனால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். விடுமுறை முடிந்து வந்ததும் செய்த கடும் பயிற்சிதான் காரணம். வீரர்களுக்கே அந்தக் கதி! கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு. தசைக்கு ஞாபகசக்தி மாதிரி ஒன்று இருக்கிறது. ஒருமுறை லேசாக வேலை கொடுத்தாலே போதும், அடுத்த முறை அதே வேலைக்கு வலியும் சேதமும் குறைந்துவிடும். ஆகவே முதல் இரண்டு வாரம் 'இவ்வளவுதானா?' என்று தோன்றும் அளவுக்குச் சுலபமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. தரையில் தண்டால் வரவில்லையா, சுவரில் கை ஊன்றிச் செய்யுங்கள். குதிப்பதற்குப் பதில் நின்ற இடத்தில் நடங்கள். வீடியோவைப் பாதியில் நிறுத்துங்கள். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி. இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னதும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்புதான். கொஞ்சமாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள் என்கிறது அது.

60 நாள் திட்டத்தை 120 நாளில் முடித்தால் யாரும் மார்க்கைக் குறைக்கப் போவதில்லை. மூன்றாம் நாள் நிறுத்தியவரை விட நீங்கள் 117 நாள் முன்னால் இருப்பீர்கள், அவ்வளவுதான்.