மன்னர் இல்லாதபோதும் நடந்த அரசு

ஸ்காட்லாந்தின் இடைக்கால மன்னர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பல்லவிதான். ஒருவரையொருவர் கொன்று அரியணை ஏறியவர்கள், பிரபுக்களின் கைப்பொம்மைகள், வரி வாங்கக்கூடத் திராணியற்றவர்கள், தெற்கே இங்கிலாந்தில் அரசாங்கம் என்று ஒன்று இருந்தது, வடக்கே இருந்ததெல்லாம் குலச்சண்டை. கல்லூரியில் 'மாக்பெத்' படித்தவர்களுக்கு நாடகம் வழியாகவும், மற்றவர்களுக்கு 'பிரேவ்ஹார்ட்' படம் வழியாகவும் இந்தச் சித்திரம் வந்து சேர்ந்துவிட்டது. இதில் பெரும்பகுதி பிழை. மிச்சம் பாதி உண்மை.

கொலையிலிருந்தே தொடங்குவோம். நாடகத்தில் டங்கன் நரைத்த கிழவர், தூக்கத்தில் குத்தப்படுகிறார். வரலாற்று டங்கன் இளைஞர். 1040இல் வடக்கே படையோடு போன இடத்தில் மாக்பெத் தரப்பால் கொல்லப்பட்டார். மாக்பெத் 17 ஆண்டுகள் ஆண்டார். 1050இல் ரோமுக்கு யாத்திரை போய் ஏழைகளுக்குப் பணத்தை வாரி இறைத்தார். அந்தக் காலத்தில் ரோமுக்குப் போய்வர மாதக்கணக்கில் ஆகும். திரும்பி வந்தபோது அரியணை அவருக்காகவே காத்திருந்தது. கொடுங்கோலனுக்கு அது வாய்க்குமா?

அதற்கு முந்தைய காலத்தில் அரச குடும்பத்தின் இரு கிளைகள் மாறி மாறி ஆட்சிக்கு வந்ததால் கொலைகள் மலிந்திருந்தன என்பது மெய். ஆனால் 1094இல் இரண்டாம் டங்கன் கொல்லப்பட்ட பிறகு, 1437 வரை ஸ்காட்லாந்து மன்னர் எவரும் கொல்லப்படவில்லை. 343 ஆண்டுகள்! இங்கிலாந்திலோ 1327க்கும் 1485க்கும் இடையில் மட்டும் இரண்டாம் எட்வர்ட், இரண்டாம் ரிச்சர்ட், ஆறாம் ஹென்றி, ஐந்தாம் எட்வர்ட், மூன்றாம் ரிச்சர்ட் என ஐந்து பேர் அரியணையைப் பறிகொடுத்தார்கள். 1371இல் ஆட்சிக்கு வந்த ஸ்டூவர்ட் வம்சத்தில் 1513 வரை ஒவ்வொரு முறையும் தந்தைக்குப் பின் மகனே மன்னரானார். எந்த நாட்டை நிலையற்றது என்பது?

அடுத்தது, மன்னர் சிறுவராக இருந்தாலோ சிறைப்பட்டாலோ நாடே சிதறிவிடும் என்ற கூற்று. எனக்கு மிகவும் ஆற்றாமை தருவது இதுதான். ஸ்காட்லாந்து அரசின் ஆகப் பெரிய சாதனையே குறையாகச் சொல்லப்படுகிறது.

1286 மார்ச் 19 இரவு, புயலில், புது மனைவியைப் பார்க்கப் புறப்பட்ட மூன்றாம் அலெக்சாண்டர் கிங்ஹார்ன் அருகே குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். பிள்ளைகள் எல்லாரும் முன்பே இறந்துவிட்டார்கள். எஞ்சிய வாரிசு நார்வேயில் இருந்த சின்னஞ்சிறு பேத்தி மார்கரெட். இதைவிட மோசமான நிலை ஒரு முடியாட்சிக்கு வர முடியாது. ஸ்கோனில் கூடியவர்கள் இரு ஆயர்கள், இரு ஏர்ல்கள், இரு பிரபுக்கள் என ஆறு காவலர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். புது முத்திரை ஒன்று வெட்டினார்கள். அதில் எந்த மன்னரின் பெயரும் இல்லை. ஒரு பக்கம் அரச சின்னம், மறுபக்கம் சிலுவையில் புனித ஆண்ட்ரூ. அரசு என்பது ஒரு மனிதரின் உடம்பு அல்ல, அவர் போன பிறகும் நிற்கும் ஒன்று என்பதை மெழுகில் பதித்துக் காட்டியவர்கள் இவர்கள். தென்மேற்கில் புரூஸ் குடும்பம் கோட்டைகளைப் பிடித்தபோது கலகம் பரவாமல் அடக்கினார்கள். 1290இல் பர்கம் உடன்படிக்கையில், மார்கரெட் இங்கிலாந்து இளவரசரை மணந்தாலும் ஸ்காட்லாந்தின் சட்டமும் உரிமையும் தனியாகவே இருக்கும், இங்குள்ள வழக்குக்காக எவரும் எல்லை தாண்டிப் போக வேண்டியதில்லை என்று எழுதி வாங்கினார்கள். அதே ஆண்டு அந்தக் குழந்தை ஆர்க்னியில் இறந்தது; இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் உள்ளே புகுந்தார். அது காவலர்களின் திறமைக்குறைவு அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் பஞ்சாயத்துக்கு வந்து வீட்டையே கேட்ட கதை.

1346இல் நெவில்ஸ் கிராஸ் போரில் இரண்டாம் டேவிட் சிறைப்பட்டு 11 ஆண்டுகள் இங்கிலாந்தில் இருந்தார். 1406இல் முதலாம் ஜேம்ஸ் 11 வயதில் கடலில் பிடிபட்டு 18 ஆண்டுகள் இருந்தார். அவருக்குப் பதிலாக ஆண்ட சித்தப்பா ஆல்பனி கோமகன் அவரை மீட்க அவசரப்படவில்லை, அரசு வருவாயில் கை வைத்தார். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் மன்னர் சிறையில் இருந்த அந்த ஆண்டுகளில்தான் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் பிறந்தது. அதற்கும் முன்பே, 1399இல், மூன்றாம் ராபர்ட்டால் ஆள முடியவில்லை என்றபோது பெர்த்தில் கூடிய அவை, நாட்டின் சீர்கேட்டுக்கு மன்னரும் அவருடைய அதிகாரிகளுமே பொறுப்பு என்று வெளிப்படையாகச் சொல்லி, மகனை மூன்றாண்டுகளுக்குப் பதிலாளாக அமர்த்தி, ஆலோசனைக்கு ஒரு குழுவும் வைத்தது. மன்னரின் முடி தலையிலேயே இருந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் இரண்டாம் ரிச்சர்ட் முடி இழந்து, அடுத்த ஆண்டு சிறையில் செத்தார்.

வரி வாங்கத் திராணியில்லை என்பது மூன்றாவது குற்றச்சாட்டு. இங்கிலாந்து மன்னர்கள் பிரான்சில் போர் நடத்தினார்கள், அதற்கு ஓயாமல் பணம் வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்து மன்னர்கள் கூலிப்படை வைத்துக் கடல் தாண்டிப் போர் செய்யவில்லை; 16 முதல் 60 வயது வரை உள்ள ஆண்கள் நாட்டைக் காக்க வந்து நிற்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். செலவில்லாதவர் வசூலிக்கவில்லை. தேவை வந்தபோது வசூலித்தார்கள். 1326இல் கேம்பஸ்கென்னத்தில் கூடிய பாராளுமன்றம் முதலாம் ராபர்ட்டுக்கு அவர் வாழ்நாள் முழுக்கப் பத்தில் ஒரு பங்கு வரி தந்தது. டேவிட்டை விடுவிக்க 1,00,000 மார்க் மீட்புப் பணம் பேசப்பட்டபோது, கம்பளிச் சுங்கம் ஒரு மூட்டைக்கு அரை மார்க்கிலிருந்து 1368க்குள் இரண்டு மார்க்காக உயர்ந்தது. தொகையில் ஏறத்தாழ முக்கால் பங்கு கட்டப்பட்டது. இங்கிலாந்து இளவரசர் ஒருவரை வாரிசாக ஏற்றால் பணமே வேண்டாம் என்ற யோசனையை டேவிட்டே கொண்டுவந்தும், 1364இல் ஸ்கோனில் கூடிய பாராளுமன்றம் மறுத்துவிட்டது. கடனைக் கட்டுகிறோம், நாட்டைத் தரமாட்டோம் என்றார்கள். திராணி வேறு எப்படி இருக்கும்?

ஆவணங்கள் குறைவாக இருப்பதும் அரசாங்கமே குறைவாக இருந்ததற்குச் சாட்சியாகக் காட்டப்படுகிறது. முதலாம் எட்வர்ட் 1296இல், மன்னர்கள் முடிசூடும் ஸ்கோன் கல்லோடு அரசுச் சுவடிகளையும் அள்ளிப்போனார். பின்னாளில் கிராம்வெல் லண்டனுக்குக் கொண்டுபோனவற்றில் ஒரு பெரும்பகுதி, 1660இல் திரும்பி வரும் வழியில் கப்பலோடு கடலில் மூழ்கியது. திருட்டுப் போனதும் தண்ணீரில் போனதும் எழுதப்படாதவை ஆகிவிடுமா? தப்பிய கருவூலக் கணக்குச் சுருள்களைப் பார்த்தாலே போதும்: ஷெரீஃபுகளும் துறைமுகச் சுங்கக்காரர்களும் வரவு செலவைத் தணிக்கையாளர் முன் ஒப்புவித்திருக்கிறார்கள்.

சட்டங்களும் பேசுகின்றன. வக்கீல் வைக்க வசதியில்லாத ஏழைக்கு நீதிபதியே ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது 1424ஆம் ஆண்டுச் சட்டம். நிலம் கைமாறினாலும் குத்தகைக் காலம் முடியும்வரை உழுகிறவரை வெளியேற்றக் கூடாது என்றது 1449ஆம் ஆண்டுச் சட்டம். அது இன்றும் ஸ்காட்லாந்தில் நடைமுறையில் இருக்கிறது. 1496இல், நிலக்கிழார்கள் மூத்த மகன்களைப் பள்ளிக்கு அனுப்பி லத்தீனும் சட்டமும் படிக்கவைக்க வேண்டும், தவறினால் 20 பவுண்டு அபராதம் என்றார்கள். சின்ன அநியாயத்துக்கெல்லாம் ஏழைகள் மன்னரின் மன்றத்துக்கு அலையக்கூடாது, உள்ளூரிலேயே நீதி கிடைக்க வேண்டும் என்பது அதில் சொல்லப்பட்ட காரணம்.

கடைசியாக, அடங்காத பிரபுக்கள். 1390இல் மன்னரின் தம்பியே எல்ஜின் பேராலயத்தைக் கொளுத்தினார். வடக்கு மலைப்பகுதியில் அரசின் கை பல காலம் நீளவில்லை. இது உண்மை. ஆனால் பிரபுக்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட துணைநிற்கும் பத்திரங்களில் 'மன்னருக்கான விசுவாசம் நீங்கலாக' என்ற விதிவிலக்கு வழக்கமாக இடம்பெறும். நாட்டிலேயே வலிய பிளாக் டக்ளஸ் குடும்பத்தை இரண்டாம் ஜேம்ஸ் 1455இல் வேரோடு சாய்த்தபோது மற்றப் பெருங்குடும்பங்களில் பெரும்பாலானவை மன்னர் பக்கமே நின்றன. அதே ஆண்டு பாராளுமன்றம், அரச நிலங்களைத் தன் ஒப்புதலின்றி மன்னர் யாருக்கும் தரக்கூடாது என்று அவர் கையையும் கட்டியது.

1437 பிப்ரவரியில் பெர்த் மடத்தில் முதலாம் ஜேம்ஸைக் கொன்றவர்கள், கொடுங்கோலன் ஒழிந்தான் என்று நாடு தங்களை வாழ்த்தும் என நம்பினார்கள். பணத்தாசையும் கடுமையும் கொண்ட அந்த மன்னர்மேல் வெறுப்பு இருந்தது மெய்தான். ஆனால் எவரும் அவர்களுக்காக எழவில்லை. மார்ச் 25 அன்று ஹோலிரூட்டில் ஆறு வயது மகனுக்கு முடி சூட்டினார்கள். சதியில் சேர்ந்த அத்தோல் ஏர்ல், இறந்த மன்னரின் சொந்தச் சித்தப்பா, மரண தண்டனை பெற்றார்.