கேமராவோடு உலகம் சுற்றிய கோட்டையூர்க்காரர்!

வெள்ளகோவில் பக்கம் கல்யாணம், காதுகுத்து என ஓடிக்கொண்டே இருக்கும் இளம் போட்டோகிராபர்கள் பலருக்கும் மனசுக்குள் ஓர் ஆசை இருக்கும். ‘ஊர் ஊராகச் சுற்றிப் படமெடுத்தே வாழ்ந்துவிட முடியாதா?’

முடியும் என்று அந்தக் காலத்திலேயே காட்டியவர், செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ஏ.கே.செட்டியார். 1911-ல் பிறந்தவர். பர்மாவில் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர், வேலையை விட்டுவிட்டு டோக்கியோவுக்குப் போய்ப் போட்டோகிராபி படித்தார். பிறகு நியூயார்க்கிலும் படித்தார்.

1937 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள். நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, காந்தியின் வாழ்க்கையை ஆவணப்படமாக எடுக்கும் யோசனை அவருக்கு வந்தது. அப்போது வயது 25.

காந்தியைப் பலர் ஏற்கெனவே படம் பிடித்திருந்தார்கள். ஆனால், அந்தச் சுருள்கள் பல நாடுகளில் சிதறிக் கிடந்தன. செட்டியார் இந்தியா, ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா என அலைந்து சுமார் 50,000 அடி ஃபிலிமைச் சேர்த்தார். அதிலிருந்து 12,000 அடியைத் தொகுத்து, 1940 ஆகஸ்ட்டில் தமிழில் வெளியிட்டார். நாட்டை ஆண்டுகொண்டிருந்தது வெள்ளைக்கார அரசு!

ஒரு படத்தோடு அவர் நின்றுவிடவில்லை. பயண நூல்கள் எழுதினார். 1943 முதல் 1983-ல் மறையும்வரை ‘குமரி மலர்’ இதழை நடத்தினார். கேமராவுக்குத் துணையாகப் பேனாவும் இருந்ததால்தான் அத்தனை நீண்ட பயணம் சாத்தியமானது.

இதில் ஒரு சோகமும் உண்டு. அவ்வளவு பாடுபட்டு எடுத்த அந்தத் தமிழ்ப் படம் முழுசாகக் கைக்குக் கிடைக்காமல் போனது. பல வருஷங்கள் கழித்து, அமெரிக்காவில் அதன் சுருக்கமான ஆங்கில வடிவம்தான் கிடைத்தது. உலகமெல்லாம் தேடிச் சேர்த்தவரின் படத்தையே பிறகு தேட வேண்டியதாகிவிட்டது.

இன்றைய போட்டோகிராபர்களுக்கான பாடமும் இதுதான். விஷயம் தேடி இமயமலைக்குப் போக வேண்டியதில்லை. வெள்ளகோவிலின் விசைத்தறிக்கூடங்களும் முருங்கைக்காய் வியாபாரமும் கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்து வருஷக்கணக்கில் படமெடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் தேதி, இடம், அதில் இருப்பவர் பெயர் எழுதி வையுங்கள். இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் பிரதி எடுத்து, தனித்தனி இடங்களில் வையுங்கள்.

செல்போன் தொலைந்தால் புதுசு வாங்கலாம். நின்றுபோன தறியை மறுபடி படமெடுக்க முடியாது!