உத்தியோகத்தை விட்டு ஓட்டல் வைக்கலாமா?

கை நிறையச் சம்பளம். குளுகுளு அறையில் வேலை. மாதம் பிறந்தால் பாங்கில் பணம் வந்து விழுகிறது. இதையெல்லாம் உதறிவிட்டு, "நான் சாப்பாட்டுக் கடை வைக்கப் போகிறேன்" என்று மகன் சொன்னால் பெற்றோருக்கு எப்படி இருக்கும்?

தாய் கண் கலங்குவாள். தகப்பனாருக்குக் கோபம் வரும். "இட்லி விற்கவா உன்னை இஞ்சினீயருக்குப் படிக்க வைத்தோம்?" என்று கேட்பார்.

இன்று பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. மகன் மட்டும் அல்ல, மகளும் கேட்கிறாள். கேட்கும் பிள்ளையைத் தடுப்பதா? தட்டிக் கொடுப்பதா?

இட்லி தந்த படிப்பு

சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு ஏழைத் தாய் இட்லி விற்றார். அந்த வருமானத்தில் பிள்ளைகளை வளர்த்தார். அவருடைய மகன் சரத்பாபு. பையன் நன்றாகப் படித்தான். பிலானியில் உள்ள பிட்ஸ் கல்லூரியில் இஞ்சினீயர் பட்டம் பெற்றார். பிறகு சென்னையில் போலாரிஸ் என்ற சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தார். அந்தச் சம்பளத்தில் குடும்பக் கடனை அடைத்தார்.

அதோடு நிற்கவில்லை. ஆமதாபாத்தில் உள்ள ஐ.ஐ.எம். நிறுவனத்தில் சேர்ந்து நிர்வாகம் படித்தார். அங்கே படித்து முடித்தவர்களைப் பெரிய கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு எடுத்துக்கொள்ளும். ஆனால் 2006-ம் ஆண்டு படிப்பு முடிந்ததும் சரத்பாபு வேலைக்குப் போகவில்லை. "புட்கிங்" என்ற பெயரில் உணவுத் தொழிலைத் தொடங்கினார். இன்போசிஸ் நாராயணமூர்த்தி அதைத் தொடங்கி வைத்தார்.

விளக்கு ஏற்றியவர் பெரிய மனிதர் என்பதால் கல்லா நிரம்பிவிடவில்லை. முதல் மாதங்களில் நஷ்டம். அதைத் தாங்கிக்கொண்டு நின்றார். பிறகு கம்பெனிகளிலும் கல்லூரிகளிலும் சிற்றுண்டிச் சாலை நடத்தும் வேலை கிடைத்தது. அவர் படித்த பிட்ஸ் கல்லூரியிலும் கிடைத்தது. தொழில் நிலைத்தது.

"இட்லி விற்கவா படிக்க வைத்தோம்?" என்று கேட்கும் பெற்றோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இட்லி விற்ற காசுதான் அந்தப் பையனைப் படிக்க வைத்தது. அப்படியிருக்க, படித்தவன் இட்லி விற்றால் படிப்புக்கு இழிவு எப்படி வரும்? பசித்தவனுக்குச் சுத்தமான சோறு போட்டு, நியாயமான காசு வாங்குவது கௌரவமான தொழில். மாப்பிள்ளை தேடும்போது, "பையன் கம்பெனியில் இருக்கிறானா, கடை வைத்திருக்கிறானா?" என்று உதட்டைப் பிதுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

ஆனால் கணக்கு முக்கியம்!

சரத்பாபு வென்றார் என்பதால் எல்லோரும் வெல்வார்கள் என்று நினைக்கக் கூடாது.

"பத்து ஓட்டல் திறந்தால் ஒன்பது முதல் ஆண்டிலேயே மூடப்படும்" என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது சரியல்ல. அமெரிக்காவில் கொலம்பஸ் நகரத்து ஓட்டல்களைப் பார்சா என்ற பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் ஆராய்ந்து, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் ஆண்டில் கைமாறியவை அல்லது மூடப்பட்டவை நூற்றுக்குச் சுமார் 26. மூன்று ஆண்டு முடிவதற்குள் சுமார் 60.

அதாவது, முதல் ஆண்டு பிழைத்தவன் "ஜெயித்துவிட்டேன்" என்று சொல்லக் கூடாது. மூன்று ஆண்டு தாக்குப் பிடிக்க வேண்டும். கடை நொடிந்ததற்கு அந்த ஆராய்ச்சி கண்ட காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? குடும்பம்! கடையையும் வீட்டையும் ஒன்றாகக் கவனிக்க முடியாமல் பலர் திணறினார்கள்.

நம் ஊருக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணத்துக்காகச் சொல்லும் கணக்கு. தினம் 10 ஆயிரம் ரூபாய் வியாபாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் 3 லட்சம். கேட்கக் காது குளிர்கிறது! அரிசி, பருப்பு, காய்கறி, கறிக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். ஆள் கூலி 75 ஆயிரம். வாடகை 40 ஆயிரம். காஸ், மின்சாரம் 30 ஆயிரம். மீந்து போனது, உடைந்தது, பழுது பார்த்தது 15 ஆயிரம். மொத்தச் செலவு 2 லட்சத்து 80 ஆயிரம். மிச்சம் 20 ஆயிரம்தான்.

அந்த மாதம் மழையால் நான்கு நாள் கடை திறக்கவில்லை என்றால்? 40 ஆயிரம் வியாபாரம் போயிற்று. மளிகையில் 16 ஆயிரம் மிச்சமாகும். வாடகையும் கூலியும் நிற்காது. ஆக, 24 ஆயிரம் இழப்பு. இருபதாயிரம் லாபம் போய், நாலாயிரம் கைப்பணம் போட வேண்டும். கடன் தவணை தனி!

வாடிக்கைக்காரரிடம் வாங்கும் ஜி.எஸ்.டி. வரி அரசாங்கத்தின் பணம். கல்லாவில் கிடக்கிறதே என்று கை வைக்கக் கூடாது. சாதாரண ஓட்டலுக்கு 2017 நவம்பர் முதல் வரி 5 சதவீதம். ஆனால் பாத்திரமும் கிரைண்டரும் வாங்கும்போது கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ள இடமில்லை. இதையும் முதல் நாளே கணக்கில் சேர்க்க வேண்டும்.

யார் வந்து சாப்பிடுவார்கள்?

கம்பெனியிலோ கல்லூரியிலோ சிற்றுண்டிச் சாலை நடத்துகிறவருக்குச் சாப்பிடும் கூட்டம் அங்கேயே இருக்கிறது. தெருவில் கடை வைக்கிறவர் கூட்டத்தைத் தேட வேண்டும்.

மதுரை கோரிப்பாளையத்தைப் பாருங்கள். வைகையின் வடகரை. ஆற்றைத் தாண்ட ஏ.வி. பாலம். பக்கத்தில் பெரியாஸ்பத்திரி. ஒரு புறம் தர்கா. இன்னொரு புறம் அமெரிக்கன் கல்லூரி. கூட்டத்துக்குக் குறைவில்லை. "இங்கே கடை போட்டால் பணம் கொட்டும்" என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாகப் படுத்திருக்கும் கிராமத்து அம்மாளுக்கு வேண்டியது விடியற்காலையில் சூடான இட்லி, ஒரு பாத்திரம் வெந்நீர். கல்லூரி மாணவனுக்கு வேண்டியது மலிவான மதியச் சாப்பாடு. தர்காவுக்குக் குடும்பத்தோடு வருகிறவர் பிள்ளைகளை உட்கார வைக்க இடம் பார்ப்பார். இரவு வண்டி ஓட்டுகிறவர் பரோட்டா தேடுவார். ஒரே தெருதான், வேளைக்கு வேளை வேறு வேறு வயிறு! இவர்களில் யாருக்குச் சமைக்கப் போகிறோம் என்று தெரியாமல் கண்ணாடிக் கதவும் கலர் விளக்கும் போட்டால், கதவைத் துடைப்பதுதான் வேலையாக இருக்கும்.

மதுரைக்காரர் நாக்கு லேசானது அல்ல. கறிதோசை, கோலா உருண்டை, அயிரை மீன் குழம்பு என்று ருசி கண்ட நாக்கு. எத்தனையோ "மெஸ்"கள் இங்கே சிறிய இடத்தில் தொடங்கி, வாய்ச்சொல்லிலேயே பேர் வாங்கியவை. அவர்களோடு போட்டி போட, மனைவியோ தாயோ நன்றாகச் சமைப்பார் என்பது மட்டும் போதாது. வீட்டில் நான்கு பேருக்கு ஒரு நாள் ருசியாகச் சமைப்பது வேறு. நானூறு பேருக்குத் தினமும் ஒரே ருசியில் சமைப்பது வேறு.

குடும்பத்துக்குச் சில வார்த்தை

ராஜினாமாக் கடிதம் எழுதும் முன் ஒரு ஆறு மாதமாவது வேறொருவர் கடையில் வேலை கற்றுக்கொள்ளட்டும். அதிகாலையில் மாவு கரைக்கட்டும். காய்கறி மார்க்கெட்டுக்குப் போகட்டும். இரவு கடைசி இலை எடுக்கும் வரை நிற்கட்டும். ஆசை அப்போதும் குறையாவிட்டால் அது உண்மையான ஆசை.

முதலில் பழைய கடனை அடைக்க வேண்டும். ஓராண்டு வீட்டுச் செலவைத் தனியாக ஒதுக்க வேண்டும். குடியிருக்கும் வீட்டுப் பத்திரத்தையும் மனைவியின் நகையையும் தொடக் கூடாது. கடன் வேண்டுமானால் கந்துவட்டிக்காரரிடம் போக வேண்டாம். 2015 முதல் முத்ரா திட்டத்தில் பாங்குகள் சிறு தொழிலுக்குக் கடன் தருகின்றன. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவோ உரிமமோ பெறாமல் அடுப்பைப் பற்ற வைக்கக் கூடாது.

"இத்தனை பணம் கரைந்தால் நிறுத்திவிடுவேன்" என்று ஒரு வரம்பை முன்கூட்டியே எழுதி, வீட்டில் எல்லோருக்கும் காட்ட வேண்டும். கடை நின்றுபோனால் அவனைக் குத்திக் காட்டாமல், மறுபடி வேலைக்குப் போக வழி விடுவது குடும்பத்தின் கடமை.

இன்னொன்று. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் முதலாளி ஆகும்போது, நாள் முழுவதும் நிற்கும் சர்வரை மறக்கக் கூடாது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே செய்திருக்கிறார்கள். சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுங்கள். மாதச் சம்பளத்தின் அருமை உங்களுக்கு நன்றாகத் தெரியுமே!

பெற்றோர்களே, கேட்கும் பிள்ளையை விரட்டாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கணக்கு சரியாக வந்தால், முதல் நாள் முதல் இலை உங்களுடையதாக இருக்கட்டும். காசு கொடுத்துச் சாப்பிடுங்கள்!