எதன் மிச்சம்?

சில வாரங்களுக்கு முன் கொழும்பில் நடைபெற்ற கருத்தரங்கு ஒன்றில் பார்வையாளனாக அமர்ந்திருந்தேன். பொருளியல் கற்பிக்கும் அறிஞர் ஒருவர் உரையாற்றினார். "எமது மக்களுக்குக் குடும்ப வரவு செலவைத் திட்டமிடத் தெரியாது. பட்டியல் இல்லாமல் கடைக்குப் போகிறார்கள். கண்டதையும் வாங்குகிறார்கள். மாதக் கடைசியில் கடன் படுகிறார்கள்" என்றார். குளிரூட்டிய மண்டபத்தில் பல தலைகள் ஆமோதித்து அசைந்தன. அதன்பின் தேநீர் இடைவேளை. தட்டுகளில் மூன்று வகைச் சிற்றுண்டிகள். பாதிக்கு மேல் மிஞ்சிக் கிடந்தன.

அந்த அறிஞரைப் பெயர் சொல்லிக் கண்டிப்பது எனது நோக்கமன்று. அதற்கான தகுதியும் எனக்கில்லை. அவர் வாயால் சொன்னதை நான் அச்சில் ஏற்றியவன்.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி. வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் ஏப்ரல் 12ஆம் திகதி அறிவித்திருந்தது. மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபா அளவில் நின்ற நாணயம், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் ஒரே நாளில் 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவுக்குப் பாய்ந்தது. அந்நாளில் நான் பொறுப்பாயிருந்த வாரப் பகுதிக்கு, குறைந்த செலவில் குடும்பம் நடத்தப் பத்து வழிகள் என்று ஒரு கட்டுரை எழுதினேன். பால்மாவை விட்டு வெறுந்தேநீர் குடியுங்கள். மீனுக்குப் பதில் நெத்தலிக் கருவாடு வாங்குங்கள். பலசரக்கை மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்குங்கள். வீட்டுத்தோட்டம் செய்யுங்கள். மிச்சத்தைச் சேமியுங்கள். இப்படிப் பத்து. சமூகத்துக்குப் பயனுள்ள பணியொன்றைச் செய்துவிட்ட திருப்தி எனக்கு.

இரண்டு வாரங்களின் பின் மலையகத்திலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் வந்தது. பாடசாலைக் கொப்பியில் கிழித்த தாள். அதிலிருந்த சில வரிகள் இன்னும் மனனமாக உள்ளன.

"ஐயா, உங்களுடைய பத்தில் ஏழு வழிகளை நாங்கள் எப்போதோ செய்து முடித்துவிட்டோம். தோட்டம் போடலாம் என்றால் எங்கள் லயத்துக்கு முன்னால் இருப்பது கான். மொத்தமாக வாங்குவதற்கு மொத்தமாகக் காசு வேண்டும். கடைசியில் மிச்சத்தைச் சேமியுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் விளங்கவில்லை. எதன் மிச்சம்?"

அந்தக் கடிதத்தை நான் பிரசுரிக்கவில்லை. பக்கத்தில் இடமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பத்து வழிகளுக்கு இருந்த இடம் அந்த ஒரு கேள்விக்கு இல்லாமற் போயிற்று.

அந்தக் கேள்விக்கு இப்போதாவது கணக்குப் பார்ப்போம். கணக்கு என்னுடையதன்று, அரசாங்கத்துடையது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் வறுமைக் கோட்டை மாதந்தோறும் வெளியிடுகின்றது. நாளொன்றுக்கு ஒருவருக்கு 2,030 கலோரி தரும் உணவு, அதனுடன் தவிர்க்க முடியாத வேறு தேவைகள், இவற்றுக்கு வேண்டிய ஆகக் குறைந்த தொகை அது. 2002இல் அத்தொகை 1,423 ரூபா. 2025 ஏப்ரலில் 16,318 ரூபா. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 65,272 ரூபா. இது வசதியாக வாழ்வதற்கான தொகையன்று. இதற்குக் கீழே போனால் ஏழை என்று அரசாங்கமே எழுதிக்கொள்ளும் தொகை.

அதே 2025 ஏப்ரலில் நாட்டின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு வீதம் கழித்தால் கையில் 24,840 ரூபா. வீட்டில் உழைப்பவர் ஒருவரே என்றால், நால்வருக்கு நாளொன்றுக்குத் தலைக்கு 207 ரூபா. அதற்குள் சோறும் வரவேண்டும், பஸ் கட்டணமும் பிள்ளையின் கொப்பியும் மின்சாரமும் வரவேண்டும். 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா என்று சட்டம் இயற்றினார்கள். அதுவும் அந்தக் கோட்டின் பாதியை எட்டவில்லை.

தோட்டத்துக்குப் போவோம். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. கணவனும் மனைவியும் இருவருமே மாதம் 25 நாள் முழுப்பேர் வேலை செய்கிறார்கள் என்று கொள்வோம். நோயில்லை, மழையில்லை, கொழுந்தின் நிறை குறைந்து அரைப்பேர் போட்ட நாள் ஒன்றுகூட இல்லை. அப்போதும் இருவருக்கும் சேர்த்து 67,500 ரூபா. சேமலாப நிதி போக 62,100. கோட்டுக்கு 3,172 ரூபா குறைவு. எந்தக் குறையும் நேராத மாதத்திலேயே 2025இல் இருந்த நிலை இது. இந்தக் குடும்பத்திடம் போய்ப் பட்டியல் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள் என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்?

அரசின் அஸ்வெசும உதவி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மிகவும் வறியவை என்று வகுக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2025 ஜனவரி முதல் அதிகபட்சம் மாதம் 17,500 ரூபா. ஒரு குடும்பத்துக்குத் தரும் தொகை, ஓர் ஆளின் வறுமைக் கோட்டுக்குச் சற்றே மேல். இதில் நாங்கள் ஒருமுறை சூடுபட்டவர்கள். 1979இல் பங்கீட்டு அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட ரூபா அப்படியே நின்றது, கடையில் விலை ஏறிக்கொண்டே போனது. சில ஆண்டுகளில் முத்திரையின் பெறுமதி கரைந்தது. அரிசியாகக் கொடுத்தால் அரிசி குறைவதில்லை. காசாகக் கொடுத்துவிட்டு விலையைக் கைவிட்டால், கொடுத்ததைத் திருப்பி எடுத்ததற்குச் சமம்.

சிக்கனத்தின் எதிரியாக என்னை எவரும் எண்ண வேண்டாம். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று கேட்டு வளர்ந்தவன் நான். உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை வேறு பானையில் போட்டுவைக்கும் வீட்டில் பிறந்தவன். அந்தப் பிடியரிசி கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனது. எழுபதுகளில் கூப்பன் புத்தகத்தோடு சங்கக்கடை வரிசையில் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து நின்றிருக்கிறேன். தொண்ணூறுகளின் முற்பகுதியில், வடக்கின் மீது பொருளாதாரத் தடை இருந்தபோது, ஜாம் போத்தல் விளக்கில் சில துளி மண்ணெண்ணெய் விட்டுப் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தைப் பிசைந்து துணி தோய்த்தோம். சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்தோம்.

ஆனால் அந்தக் காலத்துச் சிக்கனத்துக்கு ஒரு தன்மை இருந்தது. பதுக்கல்காரர்களைத் தவிர்த்துப் பார்த்தால், இல்லாமை ஊருக்குப் பொதுவாக இருந்தது. கடையிலேயே பொருள் இல்லை. ஆசிரியர் வீட்டிலும் அதே விளக்கு, கூலியாள் வீட்டிலும் அதே விளக்கு. இன்று கடையில் எல்லாம் இருக்கிறது. அடுக்கடுக்காக இருக்கிறது. வாங்க முடியாதவன் மட்டும் தனியே நிற்கிறான். அவனுடைய தாழ்வு அவனுடைய திறமைக் குறைவாகப் பேசப்படுகிறது. எங்கள் தடைக்கால அனுபவங்களைச் சொல்லி இன்றைய ஏழைக்குப் புத்தி புகட்டும் நண்பர்கள் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. சிக்கனம் செய்வதற்கும் முதல் வேண்டும். 25 கிலோ அரிசி மூடை வாங்குபவனுக்குக் கிலோ விலை குறைகிறது. நாட்கூலிக்காரன் அன்றன்று ஒரு கிலோ வாங்குகிறான். மிளகாய்த்தூளை 50 கிராமாக வாங்குகிறான். அந்தச் சிறு பைக்கற்றின் விலையை இருபதால் பெருக்கிப் பாருங்கள், ஒரு கிலோவின் விலையை எங்கோ தாண்டி நிற்கும். கையில் காசில்லாத நாளில் அவன் கடன் கொப்பியில் எழுதி வாங்குகிறான். கொப்பியில் எழுதுபவன் விலையைக் கேட்க முடியாது, வேறு கடைக்கு மாறவும் முடியாது. ஆக, ஒரே பருப்புக்கு ஏழை கொடுப்பது கூடுதல் விலை. அவனுக்குத்தான் நாங்கள் மலிவாக வாங்கும் கலையைக் கற்பிக்கிறோம்.

புலம்பெயர்ந்து வாழும் உறவுகளுக்கும் ஒரு சொல். உங்கள் நகரத்துக் கடையில் மலிவு விற்பனை நாளில் அரிசி மூடைகளைக் காரில் ஏற்றி வருகிறீர்கள். தவறில்லை. நீங்கள் அனுப்பும் காசில்தான் இங்கு எத்தனையோ அடுப்புகள் எரிகின்றன, அதை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் காசோடு சேர்த்துத் தொலைபேசியில் "கணக்குப் பார்த்துச் செலவழி அக்கா" என்று அனுப்புகிறீர்களே, அது வேண்டாம். அக்கா கணக்குப் பார்க்காத நாளே இல்லை.

அந்தக் கணக்கு எங்கே போய் முடிகிறது என்பதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை. மின்சாரத்தைக் குறைத்தால் பிள்ளை படிக்க முடியாது. பஸ் கட்டணத்தைக் குறைத்தால் வேலைக்குப் போக முடியாது. குறைக்கக்கூடியது சாப்பாடு ஒன்றுதான். முதலில் மீன் போகும், பின்பு முட்டை, பின்பு பருப்பு, பின்பு ஒரு வேளை. அந்த ஒரு வேளையை முதலில் விடுபவள் வீட்டுப் பெண். பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் போட்டுவிட்டு, எனக்குப் பசிக்கவில்லை என்பாள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலைகள் ஓராண்டில் 94.9 வீதம் ஏறியிருந்தன. ஏறத்தாழ 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பின்றி இருக்கிறார்கள் என ஐ.நா. அமைப்புகள் அந்த ஆண்டு மதிப்பிட்டன. அவர்களுள் எத்தனை பேருடைய பசி, திறமையான குடும்ப நிர்வாகம் என்ற பெயரில் மறைந்துபோனது?

யாருக்குச் சிக்கனம் தெரியவில்லை என்பதற்கு ஒரேயோர் உதாரணம் சொல்கிறேன். 2020 ஒக்டோபரில், இறக்குமதிச் சீனி மீதான விசேட வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. அதன் பயன் மக்களின் தேநீர்க் கோப்பைக்கு வந்து சேரவில்லை. திறைசேரிக்கு ஏற்பட்ட இழப்பு 1,500 கோடி ரூபாவுக்கும் மேல் என்பது பின்னர் அரசுத் தரப்பிலேயே வெளிவந்த கணக்கு. 2019 டிசெம்பரில் 8 வீதமாகக் குறைக்கப்பட்ட பெறுமதி சேர் வரி, 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. முன்பு விலக்குப் பெற்றிருந்த எரிவாயுவும் அதனுள் வந்தது. வரியைக் குறைத்தபோது இலாபம் பெற்றவர்கள் ஒரு சாரார். நாடு முறிந்து வரியைக் கூட்டியபோது கட்டுபவர்கள் எல்லோரும். சீனியை அரைத் தேக்கரண்டியாகக் குறைத்த அந்தத் தாயும் அவர்களுள் ஒருத்தி. அவளுடைய பட்டியலில் பிழை தேடுபவர்கள், அந்த வர்த்தமானியில் பிழை தேடட்டும்.

இந்த நாட்டில் அரிசி விலை ஓர் அரசியல் கேள்வியாக இருந்த காலம் உண்டு. 1953இல் ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் நடந்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அன்று எந்தப் பத்திரிகையாளனும் அரிசியைக் குறைத்து உண்ணும் பத்து வழிகளை எழுதியிருந்தாலும் மக்கள் கேட்டிருக்க மாட்டார்கள். விலைக்குப் பொறுப்பு யார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எழுபது ஆண்டுகளில் அந்தப் பொறுப்பைச் சிறிது சிறிதாக அடுக்களைக்கு நகர்த்தியிருக்கிறோம். நகர்த்தியவர்களுள் என் போன்ற பேனாக்காரர்களும் உண்டு.

எனது கோரிக்கை பெரியதன்று. ஆகக் குறைந்த சம்பளத்தை நிர்ணயிக்கும் மேசையில் அரசின் சொந்த வறுமைக் கோட்டையும் வைத்துப் பேசட்டும். உதவித்தொகையை விலையோடு சேர்த்து உயர்த்தட்டும். இவை நடக்கும்வரை, குடும்பம் நடத்தும் வழிகளை எழுத விரும்பும் இளம் பத்திரிகையாளர்கள் முதலில் ஒரு வீட்டின் ஒரு மாதக் கடைக் கொப்பியை முழுவதும் வாசித்துவிட்டு எழுதட்டும்.

அந்தத் தாயின் முகவரி இருந்த உறை என்னிடம் இல்லை. அலுவலகம் இடம் மாறியபோது பழைய கடிதக் கட்டுகளோடு அதுவும் போய்விட்டது. அவரது கேள்வியை நான்கு வரிகளில் இங்கே பிரசுரித்திருக்கிறேன். அன்றைக்கு இல்லாதிருந்த இடம் இவ்வளவுதான்.