ஏலம் போன நாற்காலி

தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், கவிழ்த்து வைத்த ‘வி’ எழுத்தைப் போன்ற கால்கள். சண்டிகர் சர்க்கார் அலுவலகங்களில் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து எழுதிய நாற்காலி இது. இன்று ஐரோப்பிய, அமெரிக்க ஏலங்களில் இதில் ஒன்று லட்சக்கணக்கான ரூபாய்க்குப் போகிறது. அதை முதலில் விற்றது யார்? நமது சர்க்கார் இலாகாக்களே! உடைசல் சாமான் என்று கணக்கெழுதி, அற்ப விலைக்கு ஏலம் விட்டன.

1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. கிழக்குப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் அமைக்க, 1951-ல் லெ கொர்பூசியே என்ற கட்டடக் கலைஞர் வந்தார். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியேர் ழான்னரே 1965 வரை அங்கேயே தங்கி உழைத்தார். அலுவலகம், நீதிமன்றம், பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் நாற்காலி மேஜை தேவைப்பட்டது. இந்நாட்டுத் தச்சர் கையால் செய்யக்கூடிய எளிய, உறுதியான வடிவங்களை ழான்னரேயும் அவருடன் பணியாற்றியவர்களும் வரைந்தார்கள். ஊர்மிளா யூலி சௌத்ரி என்ற இந்தியப் பெண்மணி அவர்களில் ஒருவர்.

ழான்னரேயை நாம் குறை கூறவில்லை. சாதாரண குமாஸ்தாவுக்கும் நல்ல நாற்காலி வேண்டும் என்பது உயர்ந்த நோக்கம். அந்த நாற்காலி இன்று கோடீஸ்வரன் வீட்டு வரவேற்பறையில் கிடப்பதுதான் கொடுமை! ஏலப் பட்டியலில் ழான்னரேயின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. இழைத்த தச்சன் பெயர் எங்கே? பிரம்பு பின்னியவன் பெயர் எங்கே? நாற்காலியின் முதுகில் இலாகா எழுதிய சாமான் எண்தான் இருக்கிறது. அதையே அசல் என்பதற்கு அத்தாட்சியாகக் காட்டி வியாபாரி விலையை ஏற்றுகிறான்!

நமது கடற்கரைக்கு இது புதிய கதையல்ல. தூத்துக்குடியில் 1961-ல் முத்துக்குளிப்பு நின்றது. அதுவரை சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விட்டார்கள். மூச்சடக்கி மூழ்கியவனுக்குப் பங்குச் சிப்பி. முத்தின் லாபம் வியாபாரிக்கு. சண்டிகரிலும் சிப்பியைத் திறந்து பாராமலே விற்றார்கள்.

2011-ல் மத்திய உள்துறை விற்பனைக்குத் தடை போட்டது. ஆனால் அதற்குள் ஏராளமானவை கப்பலேறிவிட்டன. 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டமோ பொதுவாக நூறு வயதான பொருளைத்தான் காக்கும். வலைக்கண் பெரிது, மீன் நழுவிவிட்டது.

“சோற்றுக்கே பாடாய் இருக்கையில் நாற்காலிக்கு அழுவானேன்?” என்று சிலர் கேட்கலாம். நாம் அழுவது மரத்துக்காக அல்ல. மக்கள் பணத்தில், மக்கள் உழைப்பில் உருவான சொத்தின் மதிப்பை அந்நிய வியாபாரி அறிகிறான். காவலிருக்க வேண்டிய அதிகாரி அறியவில்லை. இந்த அலட்சியம் நாளை நிலத்துக்கும் துறைமுகத்துக்கும் வராது என்று யார் உத்தரவாதம் தருவார்?

ஆகவே நாம் கோருவது இதுதான். எந்தச் சர்க்கார் அலுவலகத்திலும், பள்ளியிலும், துறைமுகத்திலும் பழைய சாமான்களை ஏலம் விடுமுன் பட்டியலைப் பகிரங்கமாக ஒட்ட வேண்டும். விஷயம் தெரிந்தவர்களும் ஊழியர் சங்கமும் பார்வையிட வேண்டும். பழுதானதைத் தச்சரிடம் கொடுத்துச் செப்பனிட வேண்டும். சண்டிகர் நாற்காலிகளைச் செய்த பட்டறைகளின் விவரம் பழைய கணக்கேடுகளில் இருக்குமானால், தேடி எடுத்து, வரைந்தவர் பெயருக்குப் பக்கத்தில் பொறிக்க வேண்டும்.

தூத்துக்குடி ஊழியர்களே! உங்கள் அலுவலக மூலையில் கிடக்கும் பழைய மரச்சாமான்களை இன்றே கணக்கெடுங்கள். ஏல அறிவிப்பு வந்தபின் விழித்துப் பயனில்லை.