சாதுவும் கதண்டும்

ஆபீஸ் ஜன்னல் மூலையில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. 'யார் வீட்டிலோ விசேஷம்' என்று டெஸ்பாட்ச் பெரியவர் ஒவ்வொருவராக உற்றுப் பார்க்க, போன மாதம் கல்யாணமான பையன் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

கொட்டிக் கொட்டியே புழுவைக் குளவியாக்கும் என்று பாட்டிகள் சொன்னது இதைத்தான். நிஜம் கொஞ்சம் குரூரம். சிலந்தியையோ புழுவையோ கொட்டி மயக்கி, கூட்டுக்குள் அடைத்து, முட்டையிட்டு, மண்ணால் மூடிவிட்டு அம்மா கிளம்பிவிடுவாள். பொரிந்து வரும் பிள்ளைக்கு ஃப்ரிட்ஜ் இல்லாமலே கெடாத சாப்பாடு! இவள் தனிக்கட்டை, பிடித்து நசுக்கினால் ஒழிய சண்டைக்கு வரமாட்டாள். கூட்டில் ஓட்டை விழுந்திருந்தால் பிள்ளை பறந்தாச்சு, சுரண்டி எறியலாம்.

கதண்டு அப்படியில்லை, ஸார். மரத்தை மென்று குழைத்துக் கட்டிய காகிதப் பந்து மாதிரி கூடு மரத்திலோ மாடியிலோ தொங்கினால், கையிலிருக்கும் கல்லைக் கீழே போடுங்கள். தேனீக்கு ஒரு கொட்டோடு கொடுக்கே போச்சு. கதண்டு திரும்பத் திரும்பக் கொட்டும், வாசனை விட்டுக் கூட்டத்தையும் கூப்பிடும். ஆட்கள் செத்திருக்கிறார்கள். லுங்கியை மடித்துக் கட்டித் தீப்பந்தம் தூக்கும் வீரர் தெருவுக்கு ஒருவர் உண்டு. அவரை முதலில் உட்கார வையுங்கள். 101-க்குச் சொன்னால் தீயணைப்புக்காரர்கள் வருவார்கள். பெரும்பாலும் இருட்டிய பிறகுதான், எல்லாம் கூடு அடைந்ததும் வேலையைத் தொடங்குவார்கள். அதுவரை அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள்.

கொட்டு வாங்கியவருக்கு மூச்சு முட்டினாலோ, முகம் வீங்கினாலோ சுண்ணாம்பு தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108.